கை தூக்க முடியலையா, பேச்சு குழறுதா? பிரச்சனை இருக்கிற இடம் தலைக்குள்ளே! மூளையின் எந்தப் பகுதி என்ன செய்யுது? - முழு விளக்கம்

காலை 5.30 மணி. அப்பத்தா காபி டம்ளரை நீட்டுகிறார். தாத்தா வாங்குகிறார். டம்ளர் கையில் நிற்கவில்லை, நழுவிக் கீழே விழுகிறது. "ஏங்க, என்ன பண்ணுது?" என்று கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். வார்த்தை வரவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது.

கையில் அடிபடவில்லை. நாக்கில் புண் இல்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுபோயிருக்கின்றன. காரணம், தலைக்குள் இடது பக்கம் ஒரு ரத்தக்குழாயில் விழுந்த அடைப்பு.

6 வருஷத்துக்கு முன்னாடி, விருதுநகர் பக்கத்தில் இருக்கிற எங்க வீட்டில் நடந்தது இது. அன்னைக்கு வீட்டில் 7 பேர் இருந்தோம். வாய், கை, பேச்சு மூன்றும் சேர்ந்து போனால் அது மூளை சம்பந்தப்பட்டது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த எனக்கும்தான். இத்தனைக்கும் 10-ம் வகுப்பில் மூளை படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மார்க் வாங்கினவன் நான். முகுளம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அது நின்றுபோனால் வெளியில் என்ன தெரியும் என்பது தெரியாது.

மூளையில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன? ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது? அந்த வேலை நின்றால் நம்ம கண்ணுக்கு எப்படித் தெரியும்? வாங்க, பார்க்கலாம்.

ஒன்றரை கிலோகூட இல்லை, ஆனா சாப்பாடு?

வளர்ந்த மனிதனின் மூளை சராசரியாக 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். பெரிய மூளை என்றால் பெரிய அறிவு என்று நினைக்க வேண்டாம். 1955-ல் ஐன்ஸ்டீன் இறந்த பிறகு எடுத்து நிறுத்துப் பார்த்த அவருடைய மூளை 1,230 கிராம்தான்.

உடம்பு எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தை இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் மூளைக்குள் போய்வருகிறது. நீங்கள் தூங்கினாலும் சரி, பரீட்சை எழுதினாலும் சரி, இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

இங்கேதான் சிக்கலே. தசைக்கும் கல்லீரலுக்கும் சேமிப்பு உண்டு. அவசரத்துக்கு எடுத்துச் செலவு செய்யும். மூளைக்குச் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அன்னாடங்காய்ச்சி மாதிரி, வரவர செலவு. ரத்தம் முழுவதுமாக நின்றால் சுமார் 10 நொடியில் மயக்கம் வந்துவிடும். சில நிமிஷங்களில் செல்கள் சாகத் தொடங்கும்.

மூளையில் மொத்தம் எத்தனை நரம்பு செல்கள்? சுமார் 8,600 கோடி. ஒரு பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு, சிகிச்சை கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிஷமும் சராசரியாக 19 லட்சம் செல்கள் அழிகின்றன என்று 2006-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. "டாக்டர் 9 மணிக்குத்தான் வருவார், அதுவரைக்கும் படுக்கட்டும்" என்று சொல்கிற நேரத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

(மனுஷன் மூளையில 10 சதவீதம்தான் பயன்படுத்துறான்னு ஒரு ஃபார்வர்டு மெசேஜ் சுத்திட்டே இருக்கு. அது உண்மை இல்லை. மீதி 90 சதவீதம் சும்மா கிடந்தால், அங்கே அடிபட்டாலும் அடைப்பு வந்தாலும் ஒன்றும் ஆகக்கூடாது. அப்படி ஓர் இடம் மூளையில் இல்லை.)

மண்டை ஓட்டுக்குள்ளே என்ன இருக்கு?

மண்டை ஓட்டுக்குக் கீழே மூன்று உறைகள். அதற்குள் சுமார் 150 மில்லி தெளிந்த திரவம். அந்தத் திரவத்தில் மூளை மிதந்தபடி இருக்கிறது. பஸ் திடீர் பிரேக் போட்டால் மூளை ஓட்டில் மோதாமல் காப்பது இதுதான். பைக்கிலிருந்து விழும் வேகத்துக்கு இந்த ஏற்பாடு பத்தாது. அதற்குத்தான் ஹெல்மெட்.

உள்ளே மூன்று பெரிய பகுதிகள். மேலே வால்நட் பருப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பது பெருமூளை. அதற்குக் கீழே, பிடரிக்கு உட்புறம் இருப்பது சிறுமூளை. இரண்டையும் தண்டுவடத்தோடு இணைக்கும் காம்பு மாதிரியான பகுதி மூளைத்தண்டு.

இடது கைக்கு வலது மூளை. ஏன் இப்படி மாறி இருக்கு?

பெருமூளை இரண்டு பாதிகளாக இருக்கிறது. நடுவில் கோடிக்கணக்கான நரம்பு இழைகள் பாலம் போட்டு இரண்டையும் இணைக்கின்றன. இடது பாதி உடம்பின் வலது பக்கத்தை ஆட்டுவிக்கிறது; வலது பாதி இடது பக்கத்தை. கையையும் காலையும் அசைக்கச் சொல்லும் நரம்புகள் மூளையிலிருந்து இறங்கி வரும்போது, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறிவிடுகின்றன. அதனால்தான் தாத்தாவுக்கு வலது கை போனதும் டாக்டர் ஸ்கேனில் இடது பக்கத்தைப் பார்த்தார்.

ஒவ்வொரு பாதியிலும் நான்கு மடல்கள். நெற்றிப் பக்கம் நெற்றி மடல், உச்சியில் உச்சி மடல், காதை ஒட்டிப் பொட்டு மடல், பின்னால் பிடரி மடல். இவற்றின் மேல் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு புறணி போர்த்தியிருக்கிறது. யோசிப்பது, பேசுவது, பார்ப்பதைப் புரிந்துகொள்வது எல்லாவற்றுக்கும் இந்தப் புறணி வேண்டும்.

"கேஜ் இப்போ பழைய கேஜ் இல்லை"

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைக்கும் வேலை. ஃபினியாஸ் கேஜ் என்ற 25 வயது மேஸ்திரி, துளைக்குள் வெடிமருந்தை இரும்புக் கம்பியால் இடித்துக்கொண்டிருந்தார். மருந்து வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் சுமார் 6 கிலோ எடையும் கொண்ட அந்தக் கம்பி, இடது கன்னத்துக்குக் கீழே புகுந்து மண்டை உச்சி வழியாக வெளியே பறந்தது.

கேஜ் சாகவில்லை. சில நிமிஷங்களில் பேசினார். மாட்டுவண்டியில் உட்கார்ந்தபடியே ஊருக்கு வந்தார். பார்த்தார், கேட்டார், நடந்தார். ஆனால் பொறுப்பான மேஸ்திரி என்று பேர் எடுத்தவர், கண்டபடி திட்டுகிறவராக, எடுத்த எதையும் முடிக்காதவராக மாறிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ எழுதி வைத்தார். அவருடைய நண்பர்களே இது பழைய கேஜ் இல்லை என்றார்களாம்.

திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது, "இப்போ வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்" என்று நம்மை நாமே நிறுத்திக்கொள்வது, இவற்றில் நெற்றி மடலின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு. மூளை அடிபட்டு மீண்டவர் வீட்டில் கத்தினால் "ஆள் கெட்டுப்போயிட்டான்" என்கிறோம். கெட்டுப்போனது பிரேக்காகவும் இருக்கலாம். (கேஜ் பிறகு சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். அந்த வேலைக்கு நிதானம் வேண்டும். அதனால் அவர் ஓரளவு தேறியிருப்பார் என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பழைய புத்தகங்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.)

நெற்றி மடலின் பின் விளிம்பில், கிட்டத்தட்ட ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு ஹேர்பேண்ட் போட்ட மாதிரி ஒரு பட்டை ஓடுகிறது. உடம்பின் அசைவுகளுக்குக் கட்டளை போவது இங்கிருந்துதான். அதற்குப் பின்னால், உச்சி மடலில் இன்னொரு பட்டை. தொட்டால் தெரிவது அங்கே. கனடாவின் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையின் மேல் மெல்லிய மின்சாரம் கொடுத்து, எந்த இடத்தைத் தொட்டால் எந்த உறுப்பு அசைகிறது என்று குறித்துக்கொண்டார். விழித்திருக்கும்போது எப்படி என்று கேட்கலாம். மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது.

அவர் போட்ட வரைபடத்தில் ஒரு வேடிக்கை. முதுகுக்கும் வயிற்றுக்கும் கொஞ்சூண்டு இடம். கை விரல்களுக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் ஏகப்பட்ட இடம். அந்த அளவுப்படி பொம்மை செய்தால், பூசணிக்காய் உதடும் முறம் மாதிரிக் கையுமாக ஒரு குள்ள மனிதன் வருவான். பக்கவாதத்தில் முதலில் வாயும் கையும் கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வரைபடத்தில் அவை பக்கத்துப் பக்கத்தில், பெரிய இடத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே ரத்தக்குழாய்தான் ரத்தம் கொடுக்கிறது.

பேச்சு எங்கே இருக்கு?

பாரிஸில் பிசெட்ர் என்று ஒரு மருத்துவமனை. அங்கே லெபோர்ன் என்பவர் 21 வருஷம் இருந்தார். என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஓர் அசை: "டான்". அதையே இரண்டு முறை சேர்த்துச் சொல்வார். அங்கே இருந்தவர்கள் அவர் பெயரையே டான் என்று ஆக்கிவிட்டார்கள். ஆனால் கேட்பதெல்லாம் அவருக்குப் புரிந்தது. ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் ஒரு முழு வசவு வெளியே வரும். நாளடைவில் வலது கையும் வலது காலும் செயலிழந்தன.

1861 ஏப்ரலில் கால் புண் முற்றி அவர் பால் புரோக்கா என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் வந்தார். சில நாட்களில் இறந்துபோனார். புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் சிதைவு. பேச்சை உருவாக்கும் இடம் இது என்று அவர் அறிவித்தார். இன்றும் அந்தப் பகுதிக்கு அவர் பெயர்தான். லெபோர்னின் மூளையைப் பாரிஸில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

1874-ல் கார்ல் வெர்னிக்கே இன்னோர் இடத்தைக் காட்டினார். அது இடது பொட்டு மடலின் பின்பகுதி. அங்கே பாதிப்பு என்றால் பேச்சு தாராளமாக வரும், ஆனால் அர்த்தம் இருக்காது. நாம் சொல்வதும் அவருக்குப் புரியாது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று சம்பந்தமே இல்லாமல் சரளமாகப் பேசினால், வீட்டில் "பைத்தியம் பிடிச்சிருச்சு", "காத்துக் கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். அதுவும் பக்கவாதமாக இருக்கலாம். கை, கால் இழுக்காமலேயே வரலாம்.

வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பேச்சு இடது பாதியில்தான். அதனால்தான் வலது கை விழுந்தவர்களுக்குப் பேச்சும் அடிக்கடி சேர்ந்து போகிறது.

தாத்தாவின் "சரி"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தாத்தாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே வார்த்தை. "சரி". காபி வேணுமா? சரி. வேண்டாமா? சரி. காலில் வலியா? சரி. கண்ணைப் பார்த்து, தலையாட்டலைப் பார்த்துத்தான் எது ஆமாம், எது இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் சிலர் அவருக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்திப் பேசினார்கள். சிலர் அவரை வைத்துக்கொண்டே "இனி அவ்வளவுதான்" என்றார்கள். அவருக்கு எல்லாம் புரிந்தது. முகம் மாறும்.

அப்புறம் ஒருநாள் ரேடியோவில் எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்று ஓடியது. தாத்தா கூடவே பாடினார். முணுமுணுப்பு இல்லை, வார்த்தை வார்த்தையாக, சரணம் வரைக்கும். நாங்கள் எல்லாரும் அடுப்படியிலிருந்து ஓடி வந்தோம். பாட்டு முடிந்ததும் "தாத்தா, இன்னொரு தடவை" என்றேன். "சரி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இது அதிசயம் இல்லையாம். பேச்சு போனவர்களில் பலருக்குப் பாட்டு, எண்ணுவது, மனப்பாடமான பிரார்த்தனை, ஏன், கெட்ட வார்த்தைகூட மிச்சமிருக்கும். ராகத்துக்கும் பழகிப்போன வரிசைக்கும் மூளை வேறு பாதைகளையும் பயன்படுத்துகிறது. வலது பாதிக்கும் அதில் பங்கு உண்டு. ராகம் போட்டுப் பேசப் பழக்கும் சிகிச்சை ஒன்று 1970-களிலேயே வந்துவிட்டது.

உச்சி, பிடரி, பொட்டு

வலது உச்சி மடலில் பாதிப்பு வந்தால் நடப்பது விசித்திரமானது. இடது பக்கம் என்று ஒரு பக்கம் உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போதவில்லை என்பார்கள். ஒரு பக்கம் மட்டும் ஷேவ் செய்வார்கள். சிலர் தன் இடது கையையே பார்த்து "இது யார் கை?" என்று கேட்பதும் உண்டு. தனக்கு ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

பிடரி மடல் பார்வைக்கானது. கண் நன்றாக இருந்தாலும் பிடரி மடலுக்கு ரத்தம் போகவில்லை என்றால் பாதிக் காட்சி காணாமல் போகும். கண் டாக்டரிடம் போய் வரிசையில் உட்காருவார்கள்.

பொட்டு மடலின் உட்புறத்தில், கடல்குதிரை மாதிரி வளைந்த ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதன் பெயர் ஹிப்போகேம்பஸ். அதன் வேலை என்ன என்று உலகம் தெரிந்துகொண்டது ஹென்றி மொலைசன் என்பவரால். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-ல் அமெரிக்காவில் அவருக்கு 27 வயதில் அறுவை சிகிச்சை செய்து, இரண்டு பக்கத்திலும் அந்தப் பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பிறகு நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. பல வருஷங்கள் அவரோடு வேலை செய்த ஆராய்ச்சியாளர் பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது ஆள்தான். 2008-ல் 82 வயதில் இறக்கும்வரை இப்படியே.

ஆனால் ஒன்று. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் அவருடைய கை தேறியது. முன்பு வரைந்ததே ஞாபகம் இல்லை. கைக்கு மட்டும் பழகியிருந்தது. நடந்ததை நினைவு வைப்பதற்கு ஓர் இடம், கைப்பழக்கத்துக்கு வேறு இடம். மறதி நோய் வந்த பாட்டி, பேரன் பெயரை மறந்த பிறகும் பூ கட்டுவது இதனால்தான்.

பெருமூளைக்கு நடுவே ஆழத்தில் தலாமஸ் இருக்கிறது. விழுப்புரம் ஜங்ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வை, கேள்வி, தொடுகை எல்லா வண்டியும் இங்கே வந்துதான் பிரியும். வாசனை மட்டும் இங்கே நிற்காமல் நேரே போய்விடும். அதற்குக் கீழே இருக்கும் ஹைப்போதலாமஸ் பசி, தாகம், உடல் வெப்பம், ஹார்மோன் எல்லாவற்றுக்கும் கணக்குப்பிள்ளை.

சிறுமூளை: பேர்தான் சிறுசு

எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் 8,600 கோடி நரம்பு செல்களில் சுமார் 6,900 கோடி இதற்குள் இருக்கிறது! நடையில் தள்ளாட்டம் இல்லாமல், டம்ளரை எட்டாமலும் தட்டிவிடாமலும் சரியாகப் பிடிக்க வைப்பது சிறுமூளை. குடித்தவர் தள்ளாடுவதும் நாக்கு குழறுவதும், மது சிறுமூளையின் வேலையைக் குழப்புவதால்தான்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சிறுமூளையில் அடைப்பு வந்தவரும் அதே மாதிரிதான் தள்ளாடுவார், குழறுவார், வாந்தி எடுப்பார். ரோட்டோரம் விழுந்தால் "தண்ணி போட்டிருக்கான்" என்று தாண்டிப் போகிறோம். வீட்டில் என்றால் "பித்தம்" என்று எலுமிச்சம்பழம் பிழிகிறோம்.

மூளைத்தண்டு: இது நின்றால்...

மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், விழுங்குவது, விழித்திருப்பது. நாம் யோசிக்காமலே நடக்கும் இந்த வேலைகளை எல்லாம் கட்டை விரல் பருமனுள்ள மூளைத்தண்டு நடத்துகிறது.

செய்தியில் அடிக்கடி வரும் "மூளைச்சாவு" என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு வேலை செய்துகொண்டிருக்கலாம். அவர் மீண்டு வரவும் வாய்ப்பு உண்டு. மூளைச்சாவில் மூளைத்தண்டின் வேலை நிரந்தரமாக நின்றுவிட்டது. வென்டிலேட்டர்தான் மூச்சு விடுகிறது. அதனால் இதயம் கொஞ்ச காலம் துடிக்கும். இந்தியாவில் 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 4 டாக்டர்கள் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவு என்று சான்று தர முடியும். "இதயம் துடிக்குதே, எப்படி செத்துட்டார்னு சொல்றீங்க?" என்று கேட்கும் குடும்பத்துக்கு இதைப் பொறுமையாக விளக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பல இடத்தில் இருப்பதில்லை.

எந்தக் குழாய் அடைத்தால் என்ன தெரியும்?

மூளைக்கு ரத்தம் கொண்டுவருபவை 4 குழாய்கள். கழுத்தின் முன்பக்கம் இரண்டு, முதுகெலும்பை ஒட்டி இரண்டு. மூளையின் அடியில் இவை ஒரு வளையமாக இணைகின்றன. 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்ததால் வில்லிஸ் வளையம் என்று பெயர். வளையத்திலிருந்து பிரியும் நடுக்குழாய் அடைத்தால் முகம், கை, பேச்சு. முன்குழாய் அடைத்தால் பெரும்பாலும் கால். பின்குழாய் அடைத்தால் பார்வை.

குழாய் அடைத்தாலும் பக்கவாதம், வெடித்து ரத்தம் கசிந்தாலும் பக்கவாதம். அடைப்புதான் அதிகம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது, சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதனால்தான் "ரத்தம் உறையாம இருக்க" என்று வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்து. கசிவாக இருந்தால் அது இன்னும் மோசமாகும்.

அடைப்பு என்று உறுதியானால், கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால், தொடை அல்லது கை வழியாகக் கம்பியை அனுப்பிக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்யலாம். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை.

எங்க வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். தாத்தா கடைசியாக நன்றாக இருந்தது காலை 4 மணிக்கு. எழுந்து வெளியே போய்விட்டு அப்பத்தாவிடம் பேசியிருக்கிறார். 5.30-க்கு டம்ளர் விழுந்தது. "தூக்கக் கலக்கம், சோடா குடுங்க" என்றார் சித்தப்பா. 8 மணிக்கு டவுனில் ஒரு கிளினிக். அங்கே பிரஷர் பார்த்து, டிரிப்ஸ் ஏற்றி, 10.30 வரை படுக்க வைத்தார்கள். ஸ்கேன் என்ற பேச்சே இல்லை. பிறகு வேன் பிடித்து மதுரை. சி.டி. எடுத்தபோது மதியம் 12.30. எட்டரை மணி நேரம். ஊசி போட முடியாது என்றார்கள். 5.30-க்கே கிளம்பியிருந்தால் 7 மணிக்கு மதுரை. 3 மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

அப்போ, என்ன செய்யணும்?

சிரிக்கச் சொல்லுங்க. வாய் ஒரு பக்கம் கோணுதா? இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்க. ஒரு கை கீழே இறங்குதா? ஒரு சின்ன வாக்கியம் சொல்லச் சொல்லுங்க. குழறுதா, வார்த்தை மாறுதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. திடீர் தள்ளாட்டம், திடீர்ப் பார்வை இழப்பு, வாழ்நாளில் வராத அளவு தலைவலி என்றாலும் அப்படியே.

எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று தெரியாவிட்டால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அருகில் இருக்கிற ஆஸ்பத்திரி என்று பார்க்காமல், 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தண்ணீர், சோடா, காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம். விழுங்கும் வேலை பாதித்திருந்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும். பிரஷர் அதிகமாகக் காட்டினாலும் நீங்களாக மாத்திரை கொடுக்காதீர்கள்.

10 நிமிஷத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டால்? அப்போதும் அன்றைக்கே போக வேண்டும். அடைப்பு வந்து தானாக விலகியிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த சில நாட்களில் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். தாத்தாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஒருநாள் கை மரத்துப்போய்ச் சரியானதை அப்பத்தா பிறகுதான் சொன்னார். பிரஷர் மாத்திரையையும் "இப்போ நார்மலாத்தானே இருக்கு" என்று அவர் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார். மாத்திரை போட்டதால்தான் நார்மலாக இருந்தது.

போன வேலை திரும்ப வருமா?

செத்த செல்கள் திரும்ப வராது. ஆனால் பக்கத்தில் உயிரோடு இருக்கும் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். முதல் சில மாதங்களில் இது வேகமாக நடக்கும். அதனால் பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் தள்ளிப்போடக் கூடாது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் கலிஃபோர்னியாவில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, கை வெட்டப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வரும் வலியைக் குறைக்க வழி காட்டினார். நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்து மூளை ஏமாறுகிறது. அந்தக் கண்ணாடிப் பயிற்சியைப் பக்கவாதம் வந்த கைக்கும் இப்போது கொடுக்கிறார்கள்.

தாத்தா நாலு வருஷம் இருந்தார். இடது கையால் சாப்பிடப் பழகினார், கம்பு ஊன்றி டீக்கடை வரை நடந்தார். வலது கை வரவே இல்லை. பேச்சில் "சரி"யோடு அப்பத்தாவின் பெயரும் சேர்ந்தது. கல்யாணமாகி 50 வருஷத்தில் அவர் அப்பத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

இப்போது எங்க வீட்டு கேஸ் அடுப்புக்கு மேலே சிலிண்டர் புக்கிங் நம்பர் பக்கத்தில், ராத்திரியிலும் சி.டி. எடுக்கிற ஆஸ்பத்திரியின் நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறோம். அப்பத்தா காலையில் காபி கொடுக்கும்போது டம்ளரை உடனே விடுவதில்லை. நாம் ஒரு வார்த்தை பேசணும். அப்புறம்தான் விடுவார்.